முப்பத்திரண்டாம் இதழில் ஓட்டை

செருப்பை வெளிய விட்டுருங்க. பையைக் கட்டில் மேல வைக்காதீங்க, தரையில வைங்க. அந்தக் குழாயில கை கழுவிட்டு, இந்தத் துண்டுல ஈரம் போகத் துடைச்சிட்டு வாங்க. புக்கைத் தொடச் சொல்லப் போறேன்னு நெனைச்சிராதீங்க. தொட விட மாட்டேன். ஆனா இந்த ரூமுக்குள்ள வாரவங்க கை ஈரமா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மெட்ராஸ்ல இருந்து சங்கரன்கோவில் வரைக்கும் பஸ்ல உக்காந்தே வந்தேன், இடுப்பு ஒடிஞ்சுபோச்சுன்னு சொல்லுதீங்க. நான் வரச் சொன்னேனா? போன்லயே தெளிவாச் சொன்னேன், குடுக்க முடியாதுன்னு. மூணு தடவை சொன்னேன். முப்பத்தோரு வருஷம் கவர்மெண்டு பஸ்ல கண்டக்டரா இருந்தவன் நான். படியில தொங்குதவனை உள்ள போன்னு ஒரு தடவைதான் சொல்லுவேன். ரெண்டாவது தடவை வண்டி நிக்கும், ஆள் எறங்குவான். உங்களுக்கு மூணு தடவை சொல்லியிருக்கேன். அதுலயே தெரிஞ்சுக்கிடுங்க, நான் கோவக்காரன் இல்ல.

ஏட்டி பகவதி, வந்தவங்களுக்கு ஒரு காபி போடு. இங்கன கொண்டு வராத! அடுப்படியில வச்சுக் குடிக்கட்டும். இந்த ரூமுக்குள்ள தண்ணிச் செம்பு கூட வரக் கூடாதுன்னு நீ கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து சொல்லுதேன்.

உங்க பேரு என்ன சொன்னீங்க? நறுமுகை. சரி. நறுமுகை, உங்க முதலாளி தொகுப்பு கொண்டாரப் போறாரு. செங்கழுகு காமிக்ஸ், முப்பத்திரண்டு இதழும் ஒரே பெட்டியில, கெட்டி அட்டை. ‘லாரி வீரன் இருளப்பன், முழுத் தொகுப்பு’. நல்ல காரியந்தான், தப்புன்னு நான் சொல்லல. எந்தெந்தக் குப்பையையோ திருப்பித் திருப்பி அச்சடிக்கானுவ. இருளப்பனை அச்சடிக்கணும்னு நாப்பத்தெட்டு வருஷமா ஒருத்தனுக்கும் தோணல. இப்பதான் தோணியிருக்கு. யாருக்கு? உங்க முதலாளிக்கு. அவருக்கு இருளப்பனைப் பத்தி என்ன தெரியும்?

இது வெள்ளைக்காரன் படத்தை வாங்கி வாயில மட்டும் தமிழைத் திணிச்ச புக்கு இல்லம்மா. சிவகாசியில காலண்டருக்கு முருகன் படம் போட்டுக்கிட்டு இருந்த ஒரு ஓவியர், சங்கிலின்னு பேரு, அவரா யோசிச்சு அவரா வரைஞ்சது. கதாநாயகனுக்குக் கோட்டு கிடையாது, தொப்பி கிடையாது. காக்கிச் சட்டை, தோள்ல துண்டு, ஒரு பழைய லாரி. செங்கோட்டை மலைப்பாதையை அந்த மனுசன் வளைவு வளைவா வரைஞ்சிருப்பாரு. அந்த ரூட்ல பதினோரு வருஷம் டூட்டி பாத்தவன் சொல்லுதேன், ஒரு வளைவு கூடக் கொறையாது. ஒன்பதாவது இதழ்ல இருளப்பன் டயர் மாத்துவான். கழத்துன நட்டை எல்லாம் துண்டு மேல வரிசையா வச்சிருப்பான். சும்மா ஒரு மூலையில, சின்னதா வரைஞ்சிருக்கும். டயர் மாத்துறதை உக்காந்து பாத்தவனுக்குத்தான் அப்படி வரைய வரும்.

அதை உங்க கையில குடுத்தா என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? போன வருஷம் ஒருத்தன் பழைய காமிக்ஸ் ஒண்ணை மறுபதிப்புன்னு போட்டான். யாருன்னு சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர்ல கலர் அடிச்சு, வில்லன் மூஞ்சியெல்லாம் பவுடர் போட்ட மாப்பிள்ளை மாதிரி வச்சிருக்கான். ‘ஏலே, நில்லுலே’ன்னு இருந்ததை ‘நண்பா, நில்’லுன்னு திருத்தியிருக்கான். கொள்ளைக்காரனை எவனாவது நண்பான்னு கூப்பிடுவானா? சங்கிலி கோடு போட்டா அது கொஞ்சம் நடுங்கும். அந்த நடுக்கத்தோட போடணும். தாள் பழுத்திருந்தா பழுத்த மாதிரியே போடணும். அதுக்குப் பேருதான் தொகுப்பு. உங்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

சேகரிக்கவனுவளும் லேசுப்பட்டவனுவ இல்ல. மதுரையில ஒரு தடவை காமிக்ஸ் வாசகர் சந்திப்பு வச்சானுவ. நானும் போனேன், வெள்ளைச் சட்டை எல்லாம் போட்டுக்கிட்டு. அங்க ஒரு பல் டாக்டர், மைக்கைப் புடிச்சுக்கிட்டு, ‘நம்ம கோமதிநாயகம் சார்கிட்ட செங்கழுகு முழு செட்டும் இருக்கு, ஆனா கடைசிப் புக்குல மட்டும் ஓட்டை’ங்கான். அவன் புக்குலயும் ஓட்டைதான், ஆனாலும் எல்லாரும் சிரிக்கானுவ. அதுல இருந்து எனக்கு ஓட்டைக் கண்டக்டர்னு பேரு. பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சு பஸ் ஏறிட்டேன். கோவம் எல்லாம் இல்ல. எனக்குப் பசிக்கல.

ஓட்டை என்ன ஓட்டைன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சாலும் நான் சொல்லுதேன், கேளுங்க.

முப்பத்திரண்டாவது இதழ், ‘செங்கோட்டைச் சுரங்கம்’. முப்பத்தோரு இதழா இருளப்பன் ஒரு முகமூடிக்காரனைத் துரத்திக்கிட்டே இருக்கான். கடைசிப் பக்கத்துல, கடைசிக் கட்டத்துல, முகமூடியைப் புடிச்சு இழுக்கான். உள்ள இருக்கது யாரு? அதுக்கு முந்துன பக்கத்தோட அடியில ஒரு கூப்பன். ‘இருளப்பனின் லாரிக்குப் பெயர் சூட்டுங்கள், முதல் பரிசு சைக்கிள்’. அச்சாபீஸ்ல எவனும் யோசிக்கல, இந்தத் தாளுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு. கூப்பனை வெட்டுனா பின்னாடி அந்த முகம் போயிரும். ஊர்ல உள்ள பயலுவ எல்லாம் சைக்கிள் ஆசையில வெட்டி அனுப்பிட்டானுவ. அத்தோட அச்சாபீஸையும் மூடிட்டாங்க. முப்பத்து மூணாவது இதழ் வரவே இல்ல. சைக்கிளும் யாருக்கும் வரல. இன்னைக்கு வரைக்கும் வெட்டாத பிரதி ஒண்ணு கூட எவன்கிட்டயும் இல்ல. அந்த முகமூடிக்காரன் யாருன்னு தமிழ்நாட்டுல ஒரு ஆளுக்கும் தெரியாது.

நான் வெட்டல. நல்லாக் கேட்டுக்கிடுங்க, நான் வெட்டல. பன்னெண்டு வயசுலயே நான் புக்கை அட்டை போட்டு வச்சவன். தாள் முனையை மடக்குனவன் கையை முறுக்குனவன். நான் வெட்டுவேனா?

எங்க அண்ணன் வெட்டுனான்.

அந்தா, எதுத்த வீடு. பச்சைக் கேட்டு, வாசல்ல ஒருத்தன் நாற்காலி போட்டு உக்காந்திருக்கான் பாருங்க. ரொம்ப எட்டிப் பாக்காதீங்க, அவனைப் பத்திப் பேசுதோம்னு தெரிஞ்சா அவனுக்குப் பெருமையாப் போயிரும். பேரு ஆவுடையப்பன். என்னைவிட மூணு வயசு மூப்பு. லாரி ஓட்டுனான், இப்ப முழங்கால் போச்சுன்னு உக்காந்துட்டான். நாங்க பேசி நாப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. தெருவுல கேட்டா வீட்டுச் சுவர்த் தகராறும்பாங்க. சுவராவது மண்ணாவது. இந்த ஓட்டைதான் காரணம்.

எழுவத்தேழாம் வருஷம், ஏப்ரல் ஒம்பதாம் தேதி புக்கு வந்துச்சு. பஸ் ஸ்டாண்டு கடையில முதல் ஆளா நின்னு வாங்குனேன். கடைசிப் பத்துப் பக்கத்தைப் படிக்காம வச்சேன், அப்படித்தான் எனக்குப் பழக்கம், ருசியா இருக்கதைக் கடைசியாத் திங்கணும். மறுநாள், பத்தாம் தேதி, எனக்கு அம்மை போட்டுருச்சு. ஒடம்பெல்லாம் நெருப்பு. மூணு வாரம் வேப்பிலைக்குள்ள கெடந்தேன். எங்க அம்மாவையும், எங்க அண்ணனையும் தவிர ரூமுக்குள்ள யாரும் வரல. அவனுக்கு முன்னாலயே அம்மை வந்து போயிருந்துச்சு. தறிக்குப் போயிட்டு வந்து என் பக்கத்துல உக்காந்து வேப்பங்கொத்தால விசிறுவான். விசிறுத மாதிரி நடிப்பான்னு பின்னாலதான புரிஞ்சுது.

தண்ணி ஊத்தி எந்திரிச்சு, முதல் வேலையா டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். புக்கை எடுத்தேன். கடைசிப் பக்கத்துல சதுரமா ஓட்டை. அது வழியா என் விரல் தெரியுது. நீங்களே சொல்லுங்க, யாரு வெட்டியிருப்பா? வீட்டுல வேற யாரு இருந்தா? தறிக்காரன் சட்டைப் பையில நூல் வெட்ட எப்பவும் ஒரு பிளேடு இருக்கும். அவன் நாலு மைல் நடந்து தறிக்குப் போறவன், சைக்கிள் ஆசை அவனுக்குத்தான இருக்கும்? முப்பத்தோரு வருஷம் டிக்கெட் செக்கிங்குக்குப் பதில் சொன்னவன் நான். சாட்சி இல்லாமப் பேச மாட்டேன்.

எங்க அப்பாகிட்டச் சொன்னேன். ஆமா, நான்தான் சொன்னேன். சொல்லாம? அப்பா இடுப்புல இருந்த பெல்ட்டைக் கழத்தி அடிச்சாரு. பக்கிள் இருக்க பக்கமா அடிச்சாரு. அவன் என்ன சொன்னான் தெரியுமா? ‘நான் வெட்டலப்பா.’ அவ்வளவுதான். அழக்கூட இல்ல. தப்புப் பண்ணுனவனுக்கு எப்படி அழுகை வரும்? அடி நிக்கவும் என்னைப் பாத்தான். ‘ஏல, நான் வெட்டலடா’ன்னான். நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். மூணாம் நாள் எலுமிச்சம்பழ லோடு ஏத்திக்கிட்டுப் போன லாரியில கிளீனரா ஏறிப் போயிட்டான். பதினஞ்சு வயசு. ஒம்பது வருஷம் வரல. அம்மா தெனம் சோறு வடிக்கும்போது ஒரு பிடி கூட வடிப்பா. அதுக்கும் நான்தான் காரணம்னு எங்கிட்டயே சொல்லியிருக்கா. பெத்தவளுக்கு நியாயம் எங்க தெரியுது.

சரி, வெட்டுனான், போனான், வந்தான். அத்தோட விட்டானா? அதைக் கேளுங்க. அவன் நக்கலைக் கேளுங்க.

தொண்ணூத்திரண்டுல ஒரு நாள் எங்க கேட்டுல பழைய பேப்பர்ல சுத்துன ஒரு பொட்டலம் செருகியிருக்கு. மேல பென்சில்ல ‘திருச்சி’ன்னு மட்டும் எழுதியிருக்கு. அவன் எழுத்து. பிரிச்சா, முப்பத்திரண்டாவது இதழ். நின்ன எடத்துலயே கடைசிப் பக்கத்தைத் திருப்புறேன், ஓட்டை! ரெண்டு வருஷம் கழிச்சு இன்னொண்ணு, ‘சேலம்’. அதுலயும் ஓட்டை. பெறகு கும்பகோணம், பெங்களூரு, நெல்லூரு. இப்படி ஏழு புக்கு. லாரி போற ஊர்ல எல்லாம் பழைய பேப்பர்க் கடையில குத்தவச்சு உக்காந்து, மூட்டை மூட்டையாக் கெளறி, ஓட்டை உள்ள புக்காப் பொறுக்கி எடுத்து என் வாசல்ல போட்டிருக்கான். உன் புக்குல ஓட்டை, உன் புக்குல ஓட்டைன்னு ஏழு தடவை குத்திக்காட்டியிருக்கான். ஏழாவது புக்குல ஒரு சீட்டு வேற. இந்தா பாருங்க, பத்திரமா வச்சிருக்கேன், ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் நாலு பேர் முன்னால காட்டணும்னு. ‘இதிலும் இல்லை.’ ரெண்டே வார்த்தை. என்ன திமிரு பாத்தீங்களா?

என்னட்டி அங்க இருந்து முனங்குத? உங்களுக்குக் கேட்டுச்சா? ‘அவுக தேடிக் குடுக்காக’ங்கா. இருபத்தஞ்சு வருஷமா இதையேதான் சொல்லுதா. தேடுதானாம். வெட்டுனவன் எதுக்குத் தேடணும்? நீ காபியைப் பாரு.

அந்த ஏழையும் கிழிச்சுப் போடல. ஏன்னு கேக்காதீங்க. சாட்சிக்கு வச்சிருக்கேன்.

என்ன? என்ன சொல்லுதீங்க? முகம் கெடச்சிருச்சா?

எப்படிக் கெடைக்கும்?

சிவகாசியில அந்த அச்சாபீஸ் குடோனா? இடிக்கதுக்காகக் காலி பண்ணுதாங்களா? ஒரு சாக்கு மூட்டை. எழுநூறு கூப்பன். பரிசே குடுக்காதவன் கூப்பனை மட்டும் எதுக்குக் கட்டி வச்சான் பாவி. அட ஆமா! வெட்டுன துண்டு எல்லாம் அங்கதான போயிருக்கும். ஒவ்வொரு கூப்பனுக்குப் பின்னாலயும் அந்த முகம் இருக்கும். எழுநூறு முகம். இது ஏன் எங்க யாருக்கும் தோணல? அந்தப் பல் டாக்டருக்கு முதல்ல போன் போட்டுச் சொல்லணும். வேண்டாம், வேண்டாம், சொல்லாதீங்க, யாரோட முகம்னு இப்பச் சொல்லாதீங்க.

அப்பறம் எங்கிட்ட எதுக்கு வந்தீங்க? மத்த பக்கத்துக்கா? அதானே பாத்தேன். அச்சடிக்க என் புக்குதான் சுத்தமா இருக்கு, இல்லையா? குடுக்க முடியாது. நாலாவது தடவை சொல்லுதேன்.

அந்தக் கவர்ல என்ன? எனக்கா? கூப்பனா? எங்க வீட்டு விலாசத்துல இருந்து போன கூப்பனா!

ஏட்டி பகவதி! அடுப்பை அணைச்சிட்டு இங்க வா! வா, வா, கை துடைக்காட்டாலும் பரவாயில்ல. அந்த ஜன்னலை நல்லாத் திறந்து விடு, எதுத்த வீட்டுக்குக் கேக்கட்டும். நாப்பத்தெட்டு வருஷமாச் சொல்லுதேன், இவ நம்பல, எங்க அம்மா நம்பாமலே செத்தா. கையும் களவுமா மாட்டிக்கிட்டான். குடுங்கம்மா, அந்தக் கண்ணாடியையும் எடுங்க. நான் வாசிக்கேன். ‘இருளப்பனின் லாரிக்குப் பெயர் சூட்டுங்கள். அனுப்புபவர் பெயர்...’

‘சீ. கோமதிநாயகம், ஏழாம் வகுப்பு ஆ பிரிவு.’

இல்ல. இது இல்ல. அவன் என் பேருல எழுதியிருக்கான். சின்னப் பையன் பேருல அனுப்புனா பரிசு கெடைக்கும்னு எழுதியிருக்கான். பகவதி, நீ என்ன அப்படிப் பாக்குத? என் எழுத்துதான். என் எழுத்து மாதிரிதான் இருக்கு. தேதி ஒம்பது, நாலு, எழுவத்தேழு. அம்மை பத்தாம் தேதிதான போட்டுச்சு. ஒம்பதாம் தேதி நான் நல்லாத்தான இருந்தேன்.

எனக்கு ஞாபகம் இல்ல. சத்தியமா ஞாபகம் இல்லம்மா. அந்த அம்மைக் காய்ச்சல்ல அழிஞ்சுபோச்சா?

பிளேடு. எங்க அப்பா சவரப் பெட்டியில இருந்து எடுத்தேன். திரும்ப வைக்கும்போது விரல்ல கீறிருச்சு. அது மட்டும் இப்ப வருது.

கீழ இன்னும் எழுதியிருக்கு. நீங்க வாசிச்சீங்களா? வாசிச்சிட்டுத்தான் வந்திருக்கீங்க. அதான் போன்ல மூணு தடவை சொல்லியும் கேக்காம வந்திருக்கீங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, நீங்களே வாசிங்க. வேண்டாம், நானே வாசிக்கேன்.

‘லாரிக்கு நான் சூட்டும் பெயர்: ஆவுடையப்பன். காரணம்: அது என் அண்ணன் பெயர். எவ்வளவு சுமை ஏற்றினாலும் அவன் வழியில் நிற்க மாட்டான். பரிசு கிடைத்தால் சைக்கிளை அவன் பெயருக்கே அனுப்பவும். அவன் தறிக்கு நடந்து போகிறான்.’

ஜன்னலைச் சாத்து பகவதி.

நீங்க வந்திருக்கக் கூடாது. என்ன உரிமையில வந்தீங்க? எழுநூறு கூப்பன்ல இது ஒண்ணுதான் உங்க கண்ணுல படணுமா? இத்தனை வருஷம் நான் நிம்மதியா ஒருத்தனை வெறுத்துக்கிட்டு இருந்தேன். எங்க அம்மா பாடைக்கு அந்தப் பக்கம் அவன் நின்னான், இந்தப் பக்கம் நான் நின்னேன், நிமுந்து பாக்கல. என் மக கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கல. அவன் வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்து நாயனம் கேட்டுக்கிட்டு இருந்தான். அதையும் திமிருன்னுதான் சொன்னேன். பெல்ட்டுல பக்கிள் இருக்க பக்கமா அடிச்சாரும்மா எங்க அப்பா. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்.

பின்பக்கம் திருப்பாதீங்க. அந்த முகம் எனக்கு வேண்டாம்.

எங்க போறீங்க? உக்காருங்க. காபி ஆறிப்போச்சு, வேற போடுவா. இங்கனயே குடிங்க.

முப்பத்திரண்டையும் எடுத்துக்கிடுங்க. ஊருக்கு எல்லாம் கொண்டு போக முடியாது, ஸ்கேன் மிஷினை இங்க கொண்டாந்து வச்சு எடுங்க, கை கழுவிட்டு எடுங்க. கோடு நடுங்குனா நடுங்குன மாதிரியே இருக்கணும். அந்த ஓட்டையில முகத்தை வெட்டி ஒட்டி மறைச்சிராதீங்க. ஓட்டையோடயே அச்சடிங்க. அதுக்கு அடுத்த பக்கத்துல இந்தக் கூப்பனைப் போடுங்க. முகம் இருக்க பக்கம் மட்டும் இல்ல, எழுத்து இருக்க பக்கமும் போடணும். பேரு, வகுப்பு, தேதி, கீழ எழுதியிருக்கது, ஒண்ணு விடாம. யாரு வெட்டுனான்னு படிக்கவனுவ எல்லாம் பாக்கட்டும். அந்தப் பல் டாக்டரும் பாக்கட்டும். சம்மதமா? சம்மதம்னா கையெழுத்துப் போட்டுத் தாரேன்.

இன்னொண்ணு. அச்சாகி வந்ததும் முதல் புக்கை அந்தப் பச்சைக் கேட்டு வீட்டுக்குக் கொண்டு போய்க் குடுங்க. நீங்களே குடுங்க. நான் வர மாட்டேன். ஏன்னு பாக்கீங்களா? என் மூஞ்சியில விட்டெறிவான்னு பயந்தா? எறிஞ்சான்னா நான் பொழைச்சேன்ம்மா. அவன் எறிய மாட்டான். ரெண்டு கையாலயும் வாங்குவான். வாங்கி, நேரா அந்தக் கடைசிப் பக்கத்தைத் திருப்புவான். முகம் இருக்குன்னு தெரிஞ்சதும், தான் பாக்க மாட்டான். எனக்கு முதல்ல தெரியட்டும்னு என் பக்கமாத் திருப்பி நீட்டுவான்.

அதை நான் எப்படிம்மா பாப்பேன்?